பேனரில் இருக்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது?

(நாமக்கல்லில் கல்லூரி மாணவிகள், பெற்றோர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

மே மாதம் பிறந்துவிட்டால் நாமக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ரோட்டின் இரண்டு பக்கமும் கல்லூரி பேனர்கள்தான். சேலம் ரோடு, திருச்செங்கோடு ரோடு, பரமத்தி ரோடு, எங்கும் இதே காட்சி. அவற்றில் கட்டடம் இருக்கும், கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்த பிள்ளைகளின் படம் இருக்கும், பஸ் ரூட் இருக்கும். இப்போது சில வருடங்களாக இன்னொரு படமும் தவறாமல் இருக்கிறது. கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற பெண்கள் அணி. கபடி, வாலிபால், கூடைப்பந்து, ஏதாவது ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்து ஒரு தகப்பனார் தன் மகளை அந்தக் கல்லூரியில் சேர்க்கிறார். அவர் கட்டும் கட்டணம் கல்லூரிக்குப் போகிறது. படத்தில் சிரிக்கிற பெண்ணுக்கு என்ன போகிறது? இந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

திறமையுள்ள பிள்ளையைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்வதில் நம் ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த ஊர், முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாகப் பெயர் வாங்கியது பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். பத்தாம் வகுப்பில் நானூற்றுத் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளை ராமநாதபுரத்தில் இருந்தாலும் தேடிப் பிடித்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஹாஸ்டலில் இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை மாநில ரேங்க் எடுத்தால் அடுத்த வருடம் ஆயிரம் பிள்ளைகள் கட்டணம் கட்டிச் சேருவார்கள். 2017-இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. அந்தப் போட்டியின் சூடு குறைந்தது. ஆனால் அந்த வழிமுறை மறையவில்லை, மைதானத்துக்கு இடம் மாறியது. மதிப்பெண் எடுத்த பிள்ளையின் இடத்தில் இன்று உயரமான பெண் நிற்கிறாள்.

அவள் எப்படிக் கல்லூரிக்கு வருகிறாள் என்பது இங்கே இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும்போதே ஒரு பெண் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு வளர்ந்து நிற்கிறாள். பி.டி. மாஸ்டர் கூப்பிட்டுக் கையில் பந்தைக் கொடுக்கிறார். குறுவட்டம், மாவட்டம், மண்டலம் என்று ஆடி, மாநிலத்துக்குப் போகிறாள். பிளஸ் டூ பரீட்சை முடிவதற்குள் போன் வரத் தொடங்குகிறது. ஃப்ரீ சீட் தருகிறோம், ஹாஸ்டல் ஃப்ரீ, மெஸ் ஃப்ரீ, ஷூ, கிட் எல்லாம் நாங்களே கொடுத்துவிடுகிறோம். அவளுடைய அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், ஹாஸ்டல் பத்திரமா என்று. அதற்குப் பதில் கிடைத்ததும், “நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்க மாஸ்டர்” என்பார். முடிந்தது. மூன்று வருடத்தைத் தீர்மானிக்கும் அந்த உடன்பாட்டில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இருக்காது. அந்தப் பெண்ணிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தறிக்குப் போயிருக்க வேண்டிய, கல்யாணத்தை முடித்து அனுப்பியிருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பல மாஸ்டர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுப் பிள்ளைகளை ஆட அனுப்புகிறார்கள். ஆனால் ஒன்றை நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். அந்த ஃப்ரீ சீட் இரக்கத்தால் கொடுக்கப்படும் உதவித்தொகை அல்ல. அது கூலி. ஆட்டத்துக்கும் முகத்துக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் கூலி. கூலி என்றால் அதற்கு அளவு வேண்டும், நிபந்தனை வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்து வேண்டும்.

அமெரிக்காவில் இதே கேள்வி கோர்ட்டு வரை போனது. அங்கே கல்லூரிக் கூடைப்பந்து பெரிய வணிகம். டிக்கெட், டிவி, பனியன் விற்பனை என்று கல்லூரிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் வரும். ஆடுகிற மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் சாப்பாடும் தங்குமிடமும் மட்டும்தான். தன் பெயரை வைத்து ஒரு செருப்புக் கடை விளம்பரத்தில் பத்து டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கட்டுப்பாட்டைக் காத்து வந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்த அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பத்து நாள்தான். ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது.

திறந்த அன்றே முதலில் நுழைந்தவர்களில் கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரிகள் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த ஹேலி கேவிண்டர், ஹன்னா கேவிண்டர். பூஸ்ட் மொபைல் என்ற செல்போன் நிறுவனத்தோடு அன்றைக்கே ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடம் அவர்கள் மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். மயாமிக்கு அவர்கள் வருவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் புரவலரான ஒரு செல்வந்தர் அவர்களைச் சந்தித்து விருந்து கொடுத்தார். அந்தச் சந்திப்புக்கு அணியின் பயிற்சியாளர் உதவினார் என்று விசாரணை நடந்தது. 2023 பிப்ரவரியில் அந்த அணிக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். பயிற்சியாளர் மூன்று ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். விளம்பரப் பணம் வந்த பிறகு வீராங்கனையைச் சேர்ப்பதில் எல்லை மீறியதற்காக என்.சி.ஏ.ஏ. எடுத்த முதல் நடவடிக்கை ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியின் மீதுதான் விழுந்தது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆண்களுக்கு அமெரிக்கக் கால்பந்து இருக்கிறது, அங்கே பணம் பழைய வழிகளிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பெண்களுக்குப் பணம் புதிதாக வந்தது, வந்த பணம் கூடைப்பந்தில்தான் முதலில் தங்கியது.

ஏன் தங்கியது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தில் அமெரிக்காவிலேயே சம்பளம் மிகக் குறைவாக இருந்தது. 2024-இல் கெய்ட்லின் கிளார்க் என்ற நட்சத்திர வீராங்கனை முதல் ஆளாகத் தேர்வாகித் தொழில்முறை லீக்குக்குப் போனபோது, அவருக்கு லீக் விதிப்படி முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர், நம் பணத்தில் சுமார் 64 லட்சம். கல்லூரியில் இருக்கும்போதே விளம்பரங்களில் அவர் அதைப்போலப் பல மடங்கு சம்பாதித்தார். ஆகவே ஆண்களில் திறமையானவன் கல்லூரியை விட்டு எப்போது கிளம்பலாம் என்று பார்க்கிறான், பெண்களில் திறமையானவளுக்குக் கல்லூரியில் இருக்கும் காலமே சம்பாதிக்கும் காலமாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்ற தேர்வு அவளுக்கு இரண்டு மடங்கு முக்கியமானது. அந்த ஊரில் பார்வையாளர் எத்தனை பேர், டிவியில் எத்தனை ஆட்டம் வரும், உள்ளூர்க் கடைக்காரர்கள் பெண்கள் ஆட்டத்துக்குக் காசு கொடுப்பவர்களா, இதெல்லாம் இப்போது பதினேழு வயதுப் பெண் பயிற்சியாளரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். முன்பெல்லாம் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, உங்கள் பெண்ணை என் பெண்போலப் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னால் போதும். இன்று அதோடு கணக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் இது நல்ல மாற்றம்.

ஏஞ்சல் ரீஸ் என்ற பெண்ணின் கதையைப் பாருங்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடியவர், 2022-இல் லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மறு வருடம் 2023 ஏப்ரல் 2 அன்று அந்த அணி கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவை 102க்கு 85 என்று வென்று தேசியக் கோப்பையை எடுத்தது. அதன் பிறகு ரீஸுக்கு வந்த விளம்பரங்களின் மதிப்பு பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாகக் கணித்தார்கள். உடனே பெயர்பெற்ற இரண்டு வீராங்கனைகள் வேறு கல்லூரிகளை விட்டு லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நட்சத்திரங்கள் குவிந்த அந்த அணி 2024-இல் அதே அயோவாவிடம் காலிறுதியில் தோற்றது. கூடைப்பந்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பந்து ஒன்றுதான். ஐந்து பேரும் அது தங்கள் கைக்கே வர வேண்டும் என்று நின்றால் ரீபவுண்டுக்கு யார் போவது? பணம் ஆளைக் கொண்டுவரும். அணியைச் சேர்த்துக் கட்டுவது பயிற்சியாளரின் வேலைதான், அதற்குக் காலம் வேண்டும். ஒரு வருடம் இங்கே ஒரு வருடம் அங்கே என்று பெண்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் காலம் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. பணம் பெண்களுக்கு வந்தது, ஆனால் சமமாக வரவில்லை. 2024 தேசிய இறுதி ஆட்டத்தில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதியதை அமெரிக்காவில் 1.8 கோடிக்கும் அதிகமானோர் டிவியில் பார்த்தார்கள். அதே வருடம் ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. பார்க்கும் கண்கள் இவ்வளவு இருந்தும், 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தில் பழைய பாக்கியாகப் பிரிக்கப்பட்ட சுமார் 280 கோடி டாலரில் பெரும்பங்கு ஆண்கள் கால்பந்துக்குப் போகிறது, அடுத்தது ஆண்கள் கூடைப்பந்துக்கு. பெண்கள் கூடைப்பந்துக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து. இந்தச் சமரசத்தின்படி ஒவ்வொரு கல்லூரியும் இனி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பகிர்ந்து கொடுக்கலாம், 2025-26-இல் அதன் உச்ச வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். பல கல்லூரிகள் அதையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் பிரிக்கின்றன. கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை இது மீறுகிறது என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். ஆகவே ஒரு பெண்ணைச் சேர்க்க வரும் பயிற்சியாளரிடம் கல்லூரி அவளுக்காக ஒதுக்கிய பணம் எவ்வளவு என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. பெண்கள் கூடைப்பந்துக்கு அதிகம் ஒதுக்கும் கல்லூரிக்கே நல்ல ஆட்டக்காரி போகிறாள்.

யாருடைய முகத்துக்கு விளம்பரம் கிடைக்கிறது என்பதும் சங்கடமான கேள்விதான். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெய்ஜ் பியூக்கர்ஸ் 2021-இல் கேட்டரேட் பான நிறுவனம் ஒப்பந்தம் செய்த முதல் கல்லூரி மாணவி. வெள்ளைக்காரப் பெண். அதே வருடம் விருது வாங்கிய மேடையில், தன்னைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் வெளிச்சம் கறுப்பின வீராங்கனைகளுக்குக் கிடைப்பதில்லை என்று அவரே சொன்னார். ஸ்டான்ஃபோர்டின் அப்போதைய மூத்த பயிற்சியாளர் டாரா வான்டர்வீர், உடல் அழகைக் காட்டும் படங்களுக்குப் பணம் அதிகம் வருவதைப் பார்த்து, பெண்கள் விளையாட்டு முன்னே வந்த பாதையில் பின்னே போகிறதோ என்று கவலைப்பட்டார். நாமும் நம் கடைவீதியை நினைத்துப் பார்க்கலாம். சேலத்தில், நாமக்கல்லில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களில் நம் ஊர்ப் பெண்ணின் நிறத்தில் ஒரு முகமாவது உண்டா? வெயிலில் இரண்டு மணி நேரம் லே-அப் அடித்துக் கறுத்துப் போன பெண்ணின் முகம் அழகில்லை என்று யார் முடிவு செய்தது? இந்தப் பழக்கத்தை உடைக்காமல் அமெரிக்க வழியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நன்றாக ஆடுகிறவளை விட்டுவிட்டுச் சிவப்பாக இருக்கிறவளுக்குப் பணம் போகும். அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இங்கிருந்து அமெரிக்கா போகக் கனவு காணும் தங்கைகளுக்கு ஒரு சொல். போகலாம். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்திலும், பஞ்சாபின் ஹர்சிம்ரன் கவுர் சான் டியாகோ பல்கலைக்கழகத்திலும் ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்து ஆடினார்கள். ஆனால் நம் பிள்ளைகள் போவது மாணவர் விசாவில். அந்த விசாவில் இருப்பவர்கள் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்கக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, விளம்பரப் பணமும் அதில் சிக்குகிறது. பக்கத்தில் ஆடும் தோழிக்கு வரும் பணம் நமக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நம் நிலைமைக்கு வருவோம். கூடைப்பந்து ஆடும் தமிழ்ப் பெண்ணுக்குப் பணம் எங்கே இருக்கிறது? விளம்பரத்தில் இல்லை. அரசாங்க வேலையில் இருக்கிறது. அனிதா பால்துரையை இங்கே இருக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பெண். இந்திய அணியின் தலைவியாக இருந்தவர். ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடியவர். பிள்ளை பெற்ற பிறகு மீண்டும் களத்துக்கு வந்து, 2017-இல் பெங்களூரில் இந்தியா ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. இத்தனை சாதித்தவரைத் தாங்கி நின்றது ஒரு ஷூ கம்பெனியோ பான கம்பெனியோ அல்ல, தெற்கு ரயில்வே வேலை. கேரளத்திலிருந்து வந்து ஆஸ்திரேலியா வரை போய் ஆடிய கீது அன்னா ஜோஸுக்கும் அதே தெற்கு ரயில்வேதான். ரயில்வே வேலை நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர். மாநிலம் முழுக்கக் கல்லூரிகளில் ஆடும் பெண்கள் ஆயிரக்கணக்கில். மற்றவர்களுக்குக் கல்லூரிக் காலம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது.

அரசின் ஏற்பாடுகள் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள். அரசு வேலையில் 3 விழுக்காடு. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் ஆண்டுக்கு 6.28 லட்சம் மதிப்புள்ள உதவி, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு. இவையெல்லாம் மேலே வந்துவிட்ட பெண்ணுக்கு. மேலே வரும் வழியில் இருக்கும் பெண்ணைத் தாங்குவது அந்த ஃப்ரீ சீட்தான். அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

பணம் எந்த ஆட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆட்டத்துக்குப் பெண்கள் போவார்கள் என்பதையும் கூடைப்பந்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2024 டிசம்பரில் நடந்த மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஏலத்தில் தமிழகத்தின் கமலினி என்ற பதினாறு வயதுப் பெண்ணை மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தது. மனதாரப் பாராட்டுவோம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எத்தனை அப்பாக்கள் மறுநாள் மகளுக்குக் கிரிக்கெட் பேட் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஐ.பி.எல்லுக்குப் போன பிறகு சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் இதுதானே நடந்தது! கூடைப்பந்து அந்தத் தொகையோடு போட்டி போட முடியாது. கொடுக்க முடிந்ததை நேர்மையாகக் கொடுக்கலாம்.

முகத்துக்கு விலை உண்டு என்று சொல்வது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது நினைத்தால், நம் சட்டத்திலேயே அது முப்பது வருடமாக இருக்கிறது. அதுவும் நமக்கு மிக அருகில் பிறந்த வழக்கில். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது அதன் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்துக்காக நினைவுகூரப்படுகிறது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மறு வருடம் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்ட ஒரு குற்றவாளியின் வழக்கில் நாட்டுக்குக் கிடைத்த உரிமை இது. நடிகர் ரஜினிகாந்த் 2015-இல் தன் பெயரையும் பாணியையும் ஒரு படம் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். டோக்கியோவில் பதக்கம் வென்ற பி.வி. சிந்துவை வாழ்த்துகிற சாக்கில் தங்கள் பொருளை விளம்பரம் செய்த நிறுவனங்களுக்கு 2021-இல் நோட்டீஸ் போனது. ரஜினிக்கும் சிந்துவுக்கும் உள்ள அந்த உரிமை, சேந்தமங்கலத்துக் கூலித் தொழிலாளியின் மகளுக்கும் உண்டு. அவளிடம் வக்கீல் இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

சம்மதம் என்றதும் இன்னொன்று. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் பெண்களில் பலருக்கு வயது பதினேழு. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் போடும் கையெழுத்து செல்லாது. அட்மிஷன் படிவத்தில் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்து, அவளிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சொன்னால் அது சட்டத்தில் நிற்காது. பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவள் பதினெட்டு நிறைந்ததும் அவளிடமே மீண்டும் கேட்க வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, வேறு கல்லூரிக்குப் போனால் தர மாட்டோம் என்று மிரட்டும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. ஒரிஜினல்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே தெளிவாக அறிவித்துவிட்டது. தங்கைகளே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை முழங்கால்தான். குதித்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது முழங்காலின் உள் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் நடக்கிறது. ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதம், ஒரு வருடம் ஓய்வு. பியூக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இதே காயம் ஏற்பட்டு ஒரு சீசன் முழுக்க ஆடவில்லை. கல்லூரி அவரைக் கைவிடவில்லை, விளம்பர ஒப்பந்தங்களும் போகவில்லை. திரும்பி வந்து 2025 ஏப்ரலில் கனெக்டிகட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நம் ஊரில் இரண்டாம் வருடத்தில் முழங்கால் போன பெண்ணின் ஃப்ரீ சீட் என்ன ஆகும்? மூன்றாம் வருடக் கட்டணத்தை யார் கட்டுவது? ஆபரேஷன் செலவு யாருடையது? எழுத்தில் எதுவும் இல்லாதபோது பதில் அந்த வருடத்துக் கல்லூரிச் செயலாளரின் மனநிலையைப் பொறுத்தது. ஒரு பெண்ணின் படிப்பு அப்படித் தொங்கக் கூடாது.

நம்மிடம் செய்ய ஆளில்லை என்பதல்ல. கோயம்புத்தூரைப் பாருங்கள், பெண்களுக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு ஒரு பம்ப் கம்பெனி கோப்பை கொடுக்கிறது. பம்ப் செய்கிற ஊர் செய்ததை முட்டை ஊர் செய்ய முடியாதா? நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் மாவட்டம் இது. இங்கே சொல்லும் பண்ணை விலையைத் தென்னிந்தியா முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மைதானத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணும் காலையில் முட்டை சாப்பிட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுகிறாள். நாமக்கல் முட்டையின் முகமாக ஒரு கூடைப்பந்துப் பெண்ணை வைத்து, அதற்கு முறையாக ஒப்பந்தம் போட்டு, வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் என்ன? கோழிப்பண்ணைக்காரர்களுக்கு அது பெரிய செலவாக இருக்காது. லாரி பாடி கட்டும் பட்டறைகள், ரிக் வண்டி முதலாளிகள், டேங்கர் லாரி உரிமையாளர்கள், இவர்களையும் கேட்கிறேன். ஒரு பெரிய நடிகைக்குக் கொடுக்கும் பணத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் அணி முழுவதையும் மூன்று வருடம் தாங்கலாம்.

இந்த மண்ணில் உலகத் தரமான பெண் இருந்தால்தானே என்று யாராவது கேட்டால், துளசிமதி முருகேசனைச் சொல்லுங்கள். காஞ்சிபுரத்துப் பெண், நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் வெள்ளி வென்றார். அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது, அர்ஜுனா விருதும் வந்தது. மாட்டுக்கு ஊசி போடப் படித்துக்கொண்டே உலகத்தில் இரண்டாவதாக வந்த பெண் நம் ஊர் ரோட்டில்தான் நடந்துகொண்டிருந்தார். பதக்கம் வாங்கிய பிறகு எல்லோரும் பார்த்தோம். வாங்குவதற்கு முன் பார்க்கிறவர்கள்தான் இந்த மாவட்டத்துக்குத் தேவை.

கல்லூரி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒரு பக்கக் கடிதம். வக்கீல் தமிழில் வேண்டாம், அந்தப் பெண்ணின் அம்மா வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில். கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எத்தனை வருடத்துக்கு என்று அதில் இருக்கட்டும். காயம் பட்டாலும் படிப்பு முடியும் வரை அது நிற்காது என்று இருக்கட்டும். சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருவோம் என்று இருக்கட்டும். அவள் படத்தை எந்தெந்த இடத்தில், எவ்வளவு காலம் பயன்படுத்துவோம், அதற்கு என்ன தருவோம், இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம் என்று அவள் சொன்னால் போட மாட்டோம் என்று இருக்கட்டும். வேறு கல்லூரிக்குப் போக விரும்பினால் சர்டிபிகேட்டும் டி.சி.யும் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் இருக்கட்டும். நேர்மையான கல்லூரிக்கு இந்தக் கடிதத்தால் நஷ்டமில்லை. மாஸ்டர்கள் தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பும் கல்லூரியாக அது மாறும். அமெரிக்காவில் நல்ல ஆட்டக்காரிகள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தோமே, அதேதான் இங்கேயும் நடக்கும்.

மாஸ்டர்களே, அந்தக் கடிதம் இல்லாத இடத்துக்கு உங்கள் பெண்ணை அனுப்பாதீர்கள். பெற்றோர்களே, ஹாஸ்டல் பத்திரமா என்று கேட்கும்போது கடிதம் எங்கே என்றும் கேளுங்கள். தங்கைகளே, அடுத்த ஜூனில் சேர்க்கை தொடங்கும், உங்களில் சிலருக்கு இப்போதே போன் வந்திருக்கும். ஃப்ரீ சீட் என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். எழுதிக் கொடுங்க சார் என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.